ஆறு பேர் இருந்தால் ஆட்டம்: அமெரிக்கக் கிராமப் பள்ளிகளின் கால்பந்துக் கணக்கு

டெக்சாஸ் மாநிலத்தின் வடக்கே பெஞ்சமின் என்று ஓர் ஊர். ஊரில் உள்ள அத்தனை பேரையும் கூட்டினாலும் 200 தலைகள் தேறினால் அதிகம். அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து அணி 2022 டிசம்பரில் ஆர்லிங்டனில் இருக்கும் ஏடி அண்ட் டி ஸ்டேடியத்தில் இறங்கி, தன் பிரிவின் மாநிலக் கோப்பையை வென்றது. மறு ஆண்டும் வென்றது. அந்த ஸ்டேடியம் டல்லாஸ் கவ்பாய்ஸ் என்ற தொழில்முறை அணியின் சொந்த மைதானம். 80,000 பேர் உட்காரலாம். பெஞ்சமின் மாதிரி நானூறு ஊர்களைக் கொண்டுவந்து அமர்த்தலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது எப்படி முடிகிறது என்றால், பெஞ்சமின் ஆடுவது பதினொரு பேர் ஆடும் ஆட்டமே இல்லை. ஆறு பேர் ஆடுவது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இங்கே கால்பந்து என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்தை அல்ல. தலைக்கவசமும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, எதிராளியை இடித்துத் தள்ளும் அமெரிக்க ஆட்டம். கால் எப்போதாவதுதான் பந்தில் படும். அதற்கு ஏன் ஃபுட்பால் என்று பெயர் வைத்தார்கள் என்பது வேறு கதை.

அமெரிக்காவில் ஏறத்தாழ 14,000 உயர்நிலைப் பள்ளிகளில் பதினொருவர் கால்பந்து அணி இருக்கிறது. ஆடும் மாணவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். இலையுதிர் காலத்து வெள்ளிக்கிழமை இரவு என்றால், சிறு ஊர்களில் கடையை அடைத்துவிட்டு மைதானத்துக்குப் போவார்கள். சினிமா தியேட்டரோ பெரிய கடைத்தெருவோ இல்லாத ஊர்களில் ஊர் ஒன்றுகூட வேறு இடமும் இல்லை. அதனால் பள்ளி அணி தோற்பது ஊரே தோற்பது மாதிரி. அணியே இல்லாமல் போவது அதைவிட மோசம்.

சரி, பிரச்சினை எங்கே வருகிறது? இதே டெக்சாஸில், டல்லாஸுக்கு வடக்கே ஆலன் என்ற ஊரில் ஒரு பள்ளி இருக்கிறது. 2012-இல் அந்தப் பள்ளி அணிக்காக சுமார் 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியத்தைக் கட்டினார்கள். ஒரு பள்ளிக்கூடத்துக்கு! (இரண்டே வருடத்தில் கான்கிரீட்டில் விரிசல் விட்டு மூட வேண்டியதாகி, பழுது பார்த்து 2015-இல் திறந்தார்கள் என்பது உபரித் தகவல்.) ஆலனும் பெஞ்சமினும் ஒரே மாநில விளையாட்டு அமைப்பின் கீழ்தான் வருகின்றன. இரண்டையும் மோதவிட்டால் அது போட்டியாக இருக்காது.

எனவே ஒவ்வொரு மாநிலமும் பள்ளிகளை மாணவர் எண்ணிக்கையை வைத்து வகுப்பு வகுப்பாகப் பிரிக்கிறது. டெக்சாஸில் இந்த வேலையைச் செய்வது யு.ஐ.எல். என்ற பல்கலைக்கழகப் பள்ளிகளிடைக் கழகம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எல்லாப் பள்ளிகளிலும் தலை எண்ணி 1ஏ முதல் 6ஏ வரை ஆறு வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். 2024-இல் தொடங்கிய சுற்றில் 6ஏ என்றால் 2,275 மாணவர்களும் அதற்கு மேலும். 2ஏ என்றால் 105 முதல் 253 வரை. 1ஏ என்றால் 104.9-உம் அதற்குக் கீழும்; பெஞ்சமின் மாதிரி ஆறு பேர் ஆட்டம் ஆடும் பள்ளிகள் இந்த வகுப்பில்தான். அந்த 0.9 மாணவன் யார் என்று கேட்காதீர்கள். விதிப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

பார்க்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் கீழே இருப்பவனுக்குத்தான் அடி விழுகிறது என்று புரியும்.

6ஏ-வில் 2,300 பேர் படிக்கும் பள்ளி 5,000 பேர் படிக்கும் பள்ளியோடு மோதுகிறது என்று வையுங்கள். ஒன்று மற்றதில் பாதிதான். ஆனாலும் சின்னப் பள்ளியிலேயே ஆண்பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேல். அதில் தாக்குதலுக்குப் பதினொரு பேர், தடுப்புக்குப் பதினொரு பேர் என்று இரண்டு தனித்தனி அணிகளைத் தாராளமாகப் பொறுக்கி எடுத்துவிடலாம். பெரிய பள்ளியில் இன்னும் நல்ல ஆள் கிடைக்கலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது 110 பேர் படிக்கும் பள்ளிக்கு வாருங்கள். ஆண்பிள்ளைகள் 55 பேர். அதில் பாதிப் பேர் கால்பந்துக்கு வந்தாலே பெரிய விஷயம். ஒருவன் இசைக்குழுவில் இருப்பான், ஒருவன் பள்ளி விட்டதும் அப்பாவோடு மாடுகளைப் பார்க்கப் போவான், ஒருவனுக்கு ஆட்டமே பிடிக்காது. வருகிற இருபத்தேழு பேரில் ஏழெட்டுப் பேர் அப்போதுதான் ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்த பொடியன்கள். பதினான்கு வயது, மீசை கூட அரும்பியிருக்காது. எதிரணியிலோ பதினெட்டு வயதில் நூறு கிலோவைத் தாண்டிய ஒருவன் முன்வரிசையில் நின்றுகொண்டு இருப்பான். தன் ஆளுக்குக் கணுக்கால் பிசகினால், கோச் பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பார். அங்கே உட்கார்ந்திருப்பது அந்தப் பொடியன்தான்.

பெரிய பள்ளிகளில் தாக்குதல் ஆடுகிறவன் தடுப்பு ஆடமாட்டான். பந்து கைமாறியதும் ஓரத்துக்குப் போய்த் தண்ணீர் குடிப்பான். சின்னப் பள்ளியில் அதே பையன் இரண்டு பக்கமும் ஆடுவான், உதைக்கும் வேலையும் அவன் தலையில்தான் விழும். மூன்றாம் கால்பகுதி முடியும்போது அவன் கால் இழுத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தாலே ஆட்டம் யார் பக்கம் போகும் என்று சொல்லிவிடலாம். ஸ்கோர்பலகையில் 14-14 என்று இருக்கலாம், அது பொய். இடைவெளியைக் குறைக்கத்தான் டெக்சாஸ் கால்பந்தில் ஒவ்வொரு வகுப்பையும் மறுபடி இரண்டாகப் பிரிக்கிறது. அதனால் 105 பேர் பள்ளி 253 பேர் பள்ளியோடு கோப்பைக்காக மோத வேண்டியது இல்லை. இருந்தாலும் 22 இடம், 27 பையன்கள் என்ற கணக்கு மாறிவிடவில்லை.

என் பார்வையில், இந்தப் பிரச்சினைக்கு இதுவரை கிடைத்த உருப்படியான பதில் எந்த மாநில அமைப்பின் கமிட்டி அறையிலும் பிறந்ததில்லை. அது ஒரு வாத்தியார் யோசித்தது. 1934, நெப்ராஸ்கா மாநிலம். பொருளாதாரப் பெருமந்தம் ஊரை உலுக்கிக்கொண்டிருந்த நேரம், போதாக்குறைக்கு வறட்சி. செஸ்டர் என்ற சிற்றூரின் பள்ளி ஆசிரியர் ஸ்டீபன் எப்ளர், பதினொரு பேரைத் திரட்ட முடியாத பள்ளிகளுக்கு ஆறு பேர் ஆட்டம் ஒன்றை வடிவமைத்தார். பக்கத்தில் இருந்த ஹெப்ரான் மைதானத்தில் அந்த ஆண்டு செப்டம்பரில் முதல் ஆட்டம். நான்கு பள்ளிகளின் பையன்களை இரண்டு அணியாகச் சேர்த்து, இரவு விளக்கு வெளிச்சத்தில் ஆடினார்கள். 19-19, சமன். அணிக்கு ஆறு பேரை வைத்துக்கொண்டு கால்பந்து ஆட முடியுமா என்ற கேள்விக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது.

எதிராளியை மாற்றுவது ஒரு வழி. எப்ளர் ஆட்டத்தையே மாற்றினார். ஊரின் அளவுக்கு ஆட்டத்தை வெட்டித் தைத்தார் என்று சொல்லலாம்.

இன்று ஆடப்படும் ஆறுபேர் ஆட்டத்தின் விதிகளைப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருப்பது தெரியும். மைதானம் 100 யார்டுக்குப் பதில் 80 யார்டு நீளம், 40 யார்டு அகலம். ஆள் குறைவு, இடம் அதிகம் என்பதால் பந்தை முன்னேற்றுவது சுலபம். அதனால் நான்கு முயற்சிக்குள் 10 யார்டு என்ற வழக்கமான இலக்கு இங்கே 15 யார்டு. பந்தை முதலில் வாங்கும் ஆள் அப்படியே கோட்டைத் தாண்டி ஓடக்கூடாது, இன்னொருவனுக்குக் கைமாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஊரிலேயே வேகமாக ஓடுகிற ஒரே ஒரு பையன் எல்லா ஆட்டத்தையும் முடித்துவிடுவான். ஆறு பேரில் யார் வேண்டுமானாலும் பந்தைப் பிடிக்கலாம், நடுவில் குனிந்து பந்தைப் பின்னால் தள்ளிவிடும் சென்டர் உட்பட. பதினொருவர் ஆட்டத்தில் அந்தக் குண்டுப் பையனுக்கு வாழ்நாளில் ஒரு டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) கூடக் கிடைக்காது.

எனக்குப் பிடித்தது உதைப் புள்ளிதான். டச்டவுனுக்குப் பிறகு உதைத்துப் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் வழக்கமான ஆட்டத்தில் 1 புள்ளி, ஓடியோ எறிந்தோ எடுத்தால் 2. ஆறுபேர் ஆட்டத்தில் தலைகீழ்: உதைத்தால் 2, ஓடினால் 1. டச்டவுன் இல்லாமலே பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பும் ஃபீல்டு கோலுக்கு 3-க்குப் பதில் 4. உதைக்கிறவனைக் காக்க முன்வரிசையில் ஆள் குறைவு, பாய்ந்து வருகிறவனை மறிக்க இரண்டு மூன்று பேர்தான். நூறு பேர் படிக்கும் பள்ளியில் ஒழுங்காக உதைக்கத் தெரிந்தவன் கிடைப்பதே அபூர்வம். கஷ்டமான வேலைக்குக் கூடுதல் கூலி.

ஆட்டம் எப்படி இருக்கும்? மைதானத்தைச் சுற்றியுள்ள வேலியோரம் பிக்கப் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, அதில் சாய்ந்துகொண்டே பார்ப்பார்கள். டச்டவுன் விழுந்தால் கைதட்டலோடு ஹாரன் சத்தமும் கேட்கும். அது அடிக்கடி கேட்கும். 60 புள்ளி எடுத்துவிட்டுத் தோற்பதெல்லாம் இந்த ஆட்டத்தில் சாதாரணம். கோச்சே வகுப்பில் வரலாறு நடத்துவார், பள்ளிப் பேருந்தையும் ஓட்டுவார். மேற்கு டெக்சாஸில் எதிரணி ஊருக்குப் போகவே இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். ஆட்டம் முடிந்து நள்ளிரவு தாண்டித் திரும்பி, சனிக்கிழமை காலை எழுந்து மாட்டுக்குத் தீனி வைக்க வேண்டும்.

இன்னொரு விதி, 45 புள்ளி விதி. இடைவேளையின்போதோ அதற்குப் பிறகு எப்போதாவதோ ஒரு அணி 45 புள்ளி முன்னிலை பெற்றால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. எல்லோரும் பேருந்து ஏறலாம். டெக்சாஸில் இதையே வினைச்சொல்லாக்கி, “அவங்களை நாப்பத்தஞ்சு பண்ணிட்டாங்க” என்கிற பொருளில் பேசுவார்கள். கேட்கக் கொடுமையாக இருக்கலாம். ஆனால் பன்னிரண்டு பேரோடு வந்த அணிக்கு, அதில் இரண்டு பேர் நொண்டிக்கொண்டு இருக்கும்போது, இதைவிட இரக்கமான விதி கிடையாது.

எல்லா மாநிலமும் ஆறு வரை இறங்குவதில்லை. மினசோட்டாவிலும் வடக்கு, தெற்கு டகோட்டாக்களிலும் ஒன்பது பேர் ஆட்டம். கான்சாஸ், நெப்ராஸ்கா, அயோவா பக்கம் எட்டுப் பேர் ஆட்டம் பெரிது. மிச்சிகனில் எட்டுப் பேர் ஆட்டத்துக்கு 2011-இல்தான் மாநிலக் கோப்பை வந்தது. இப்போது அதன் இறுதிப் போட்டி மாநிலத்தின் வட கோடியில், மார்க்கெட் என்ற பெயருள்ள நகரத்தின் மரக்கூரை போட்ட சுப்பீரியர் டோமுக்குள் நடக்கிறது. நவம்பரில் வெளியே பனி கொட்டும்.

எங்கும் ஒரே காரணம்தான். விவசாயம் இயந்திரமயமாகி, பண்ணைகள் பெரிதாகி, குடும்பங்கள் குறைந்துவிட்டன. முன்பு பதினொரு பேரை இறக்கிய பள்ளி எட்டுக்கு வருகிறது, எட்டு ஆடியது ஆறுக்கு வருகிறது. இறங்குவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிற ஊர்களும் உண்டு. “எங்க தாத்தா காலத்துல இருந்து பதினோரு பேர்தான் ஆடறோம்” என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடிக்க, நடுவில் மாட்டிக்கொள்பவன் இரண்டு பக்கமும் ஆடும் அந்தப் பையன்.

இறங்க மனமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி கூட்டணி. பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பள்ளிகள் இரண்டு சேர்ந்து ஒரே அணியை இறக்கும். இரண்டு தலைமுறையாகப் பரம எதிரிகளாக இருந்தவர்கள் ஒரே சட்டை போட வேண்டும். சட்டைக்கு எந்த ஊர் நிறம், ஆட்டம் எந்த ஊர் மைதானத்தில் என்பதில் ஊர்க்கூட்டம் போட்டுச் சண்டை நடக்கும். அதைத் தீர்த்து வைத்தால் அடுத்த சிக்கல் காத்திருக்கும். பல இடங்களில் கூட்டணியின் மாணவர் எண்ணிக்கையைச் சேர்த்தே எண்ணுவார்கள். ஆள் போதவில்லை என்று சேர்ந்தவர்களை, ஆள் கூடிவிட்டது என்று மேல் வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள்.

இதுவரை சொன்னது அளவுப் பிரச்சினை. கிராமத்துக் கோச்களைக் கேட்டால், அவர்கள் உண்மையில் கொதிப்பது வேறு ஒன்றுக்கு: நகரத்துத் தனியார் பள்ளிகள். கிராமத்துப் பள்ளியில் 200 பேர் என்றால் அந்த எல்லைக்குள் பிறந்து வளர்ந்த 200 பேர். சேர்க்கைக்கு வருபவனைத் திருப்பி அனுப்ப முடியாது, அடுத்த ஊர்க்காரனை அழைக்கவும் முடியாது. நகரத்துத் தனியார் பள்ளியிலும் 200 பேர்தான். ஆனால் அதைச் சுற்றி லட்சக்கணக்கான மக்கள் வாழ்கிறார்கள், அவர்களில் யார் வேண்டுமானாலும் வரலாம். கட்டணம் கட்ட முடியாதவனுக்கு உதவித்தொகை இருக்கலாம். விதிகள் விளையாட்டுக்காக ஆள் பிடிப்பதைத் தடுக்கின்றன என்பது உண்மை. ஆனால் கெட்டிக்காரப் பையனின் பெற்றோர் தாமாகவே நல்ல அணி இருக்கும் பள்ளியைத் தேடிப் போவதை எந்த விதி தடுக்கும்? 200-உம் 200-உம் ஒன்றல்ல என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இதற்கு மாநிலத்துக்கு ஒரு வைத்தியம். இல்லினாய் 2005-இல் பெருக்கல் முறையைக் கொண்டுவந்தது. எல்லை வரையறை இல்லாத பள்ளிகள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் அவற்றின் மாணவர் எண்ணிக்கையை 1.65-ஆல் பெருக்கி, வருகிற எண்ணுக்கு ஏற்ற வகுப்பில் போடுவார்கள். 600 பேர் பள்ளி 990 பேர் பள்ளியாகிவிடும். முறை முரட்டுத்தனமானது. ஆண்டுதோறும் தோற்கும் தனியார் பள்ளியும் இதில் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். பிறகு விலக்கு தர வேண்டியதாயிற்று. டென்னசி 1997-இல், கட்டண உதவி தரும் தனியார் பள்ளிகளைத் தனிப் பிரிவுக்கே அனுப்ப முடிவெடுத்தது. ஒஹையோவில் இப்படி ஒரு திட்டத்தைப் பள்ளிகளே ஓட்டுப் போட்டு மூன்று முறை மறுத்து, நான்காவது முறை 2014-இல் ஒரு வழியாக ஒப்புக்கொண்டன. அங்கே மொத்தப் பள்ளியையும் பெருக்குவதில்லை, அணியில் இருக்கும் ஒவ்வொரு பையனும் எங்கிருந்து வருகிறான் என்று பார்த்து எண்ணைக் கூட்டுகிறார்கள். வேலை அதிகம், ஆனால் கேள்வி சரியான கேள்வி.

இண்டியானா மாநிலமோ, பள்ளி அரசுடையதா தனியாரா என்றே பார்க்கவில்லை. ஜெயிக்கிறாயா, மேலே போ. இரண்டு ஆண்டுகளில் போட்டிகளில் சேர்த்த புள்ளி ஓர் அளவைத் தொட்டால் அடுத்த வகுப்பு. இண்டியானாபொலிஸின் கதீட்ரல் பள்ளி 2010, 2011, 2012 மூன்று ஆண்டும் 4ஏ கோப்பையை எடுத்தது. புது விதி அதை 5ஏ-வுக்குத் தூக்கிப் போட்டது. 2013-இலும் 2014-இலும் அங்கேயும் அதுவே ஜெயித்தது. அப்படிப்பட்ட பள்ளிக்கு இந்த விதி பொருத்தம்தான். கிராமத்துப் பள்ளிக்கு இதே விதி எதிர்த்திசையில் வேலை செய்யும். ஒரே வருடத்தில் நான்கைந்து நல்ல பையன்கள், பெரும்பாலும் அண்ணன் தம்பி, ஒன்றுவிட்ட சகோதரர்கள், பிறந்து வளர்ந்து இரண்டு ஆண்டு கோப்பை வெல்வார்கள். பிறகு படிப்பை முடித்துப் போய்விடுவார்கள். அவர்கள் ஜெயித்ததற்கான தண்டனையை மேல் வகுப்பில் போய் அனுபவிப்பது அவர்களுடைய தம்பிகள்.

மினசோட்டாவின் முறை இந்தப் பட்டியலில் தனி. பள்ளியில் இலவச அல்லது குறைந்த விலை மதிய உணவுக்குத் தகுதியுள்ள மாணவர்களில் 40 சதவீதத்தை மொத்த எண்ணிக்கையிலிருந்து கழித்துவிடுகிறார்கள். அயோவாவும் 2023 முதல் கால்பந்தில் இதைப் பின்பற்றுகிறது. வறுமைக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். பள்ளி முடிந்ததும் வேலைக்குப் போக வேண்டிய பையன் பயிற்சிக்கு வரமாட்டான். அவன் தலை கணக்கில் உண்டு, களத்தில் இல்லை.

இத்தனை கணக்குக்கும் பிடிபடாத ஒன்றும் இருக்கிறது. கான்சாஸ் மாநிலத்தின் ஸ்மித் சென்டர், சுமார் 1,600 பேர் வாழும் கோதுமை நாட்டு ஊர். ரோஜர் பார்ட்டா என்ற கோச் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அங்கேயே இருந்தார். பையன்களின் அப்பாக்களுக்கும் அவர்தான் கோச். 2004 முதல் 2009 வரை அந்த அணி தொடர்ந்து 79 ஆட்டம் ஜெயித்தது. 2007-இல் பிளெய்ன்வில் என்ற ஊரின் அணியோடு மோதியபோது முதல் கால்பகுதியில் மட்டும், அதாவது பன்னிரண்டு நிமிடத்தில், 72 புள்ளி. முடிவு 83-0. பிளெய்ன்வில் சின்னப் பள்ளி, ஸ்மித் சென்டரும் சின்னப் பள்ளி. தனியார் பள்ளியும் இல்லை, வெளியூர்ப் பையனும் இல்லை. எந்தப் பெருக்கலும் கழித்தலும் அந்த இரவைச் சரிக்கட்டியிருக்காது. அதை அநியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஆள் ஒரே ஊரில் அத்தனை வருடம் உட்கார்ந்து செய்த வேலைக்கு எப்படி வகுப்புப் பிரிப்பது?

விளிம்பில் நிற்கும் பள்ளிக்கு இந்த யோசனைக்கெல்லாம் நேரமில்லை. டெக்சாஸில் கணக்கெடுப்பு அக்டோபர் கடைசியில், ஒரு குறிப்பிட்ட நாள். அன்று பதிவேட்டில் 103 பேர் இருந்தால் ஆறுபேர் ஆட்டம், தெரிந்த எதிரிகள், ஒருவேளை ஆர்லிங்டன். அதற்கு ஒரு வாரம் முன்பு பக்கத்துப் பண்ணைக்குப் புது மேலாளர் வேலைக்கு வந்து, உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் தன் மூன்று பெண்பிள்ளைகளைச் சேர்த்தால் கணக்கு 106. பதினொருவர் ஆட்டம் ஆடும் 2ஏ வகுப்பு, இரண்டு ஆண்டுக்கு. புதுக் குடும்பத்தை வரவேற்கப் போகிறவர்களில் அந்த ஊர் கோச்சும் இருப்பார். சிரித்துக்கொண்டேதான் கை கொடுப்பார்.